வாகனக் கேள்வி-பதில்: முன்னவர் மாற்றி வைத்த எஞ்சின் எது?

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருப்பதால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். 1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் விற்பனையான, வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் பொருத்திய, திறன் மிகுந்த மசில் கார்களைப் பழைய வண்டியாக வாங்கியவர்கள் எழுதிய கடிதங்கள் இவை. இவ்வண்டிகள் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பலர் கைமாறி வந்திருப்பதால், தொழிற்சாலையில் ஏறிய எஞ்சினே இன்னும் உள்ளே இருப்பது அரிது. வந்த கடிதங்கள் அனைத்தும் செவ்ரோலெட்டின் ஸ்மால் பிளாக் (பிளாக் எனும் எஞ்சின் உடல் சிறிதாக உள்ள வி8) வகையைப் பற்றியவை என்பதால் பதிலும் அவ்வகையோடு நிற்கிறது.

கேள்வி: ஐயா, ஒஹையோவில் ஒரு தனியாரிடம் 1969ஆம் ஆண்டு கமாரோ கூப்பே ஒன்றை வாங்கினேன். எஞ்சின் "350" (கன அங்குலக் கொள்ளளவு) என்று மட்டும் அவர் சொன்னார். தமக்கு முன்பிருந்தவர் மாற்றியது என்றும், ரசீது எதுவும் இல்லை என்றும் சொன்னார். எஞ்சினுக்கு ஆரஞ்சு வண்ணம் பூசி, குரோமிய வால்வ் கவர் போட்டிருக்கிறார்கள். பின்புறம் ஆயில் கசிகிறது. உதிரிபாகக் கடையில் "350க்கு" என்று கேட்டு வாங்கிய கிராங்க் ஷாஃப்ட் பின் சீல் பொருந்தவே இல்லை. அது முழு வட்டமாக இருந்தது. பிளாக்கின் பின்புறம் துடைத்துப் பார்த்ததில் 3970010 என்ற எண்ணும், மறுபக்கம் "சி 14 4" என்ற குறியும் தெரிகின்றன. முன்புற மேடை வழுவழுப்பாக, எழுத்தே இல்லாமல் இருக்கிறது. வண்டியின் அடையாள எண் 123379 என்று தொடங்குகிறது. இது உண்மையில் எந்த எஞ்சின்? நான் ஏமாந்துவிட்டேனா?
— ஒரு வாசகர், ஒஹையோ

பதில்: வேண்டிய சான்றுகளில் பெரும்பகுதியை நீங்களே திரட்டிவிட்டீர்கள், அவற்றைச் சரியான வரிசையில் படித்தால் போதும்.

முதலில் வண்டியின் அடையாள எண்ணைப் பாருங்கள். 1969 கமாரோவில் முதல் இலக்கம் 1 செவ்ரோலெட்டைக் குறிக்கும்; அடுத்த இரண்டு இலக்கங்கள் வண்டி வரிசையைச் சொல்லும். அங்கே 24 என்றிருந்தால் அது வி8 எஞ்சினுடன் பிறந்த வண்டி, 23 என்றிருந்தால் நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினுடன் பிறந்த வண்டி. அதன்பின் வரும் 37 கூப்பே உடலையும், 9 ஆண்டையும் குறிக்கின்றன. ஆகவே உங்கள் வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது 230 அல்லது 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினைத்தான் சுமந்திருந்தது; இப்போதுள்ள வி8 எதுவாயினும் அது பிறகு வந்து சேர்ந்தது என்பதில் ஐயமே இல்லை.

அடுத்தது பிளாக். இங்கே இருவகை எண்களை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் பக்கம், கியர்பாக்ஸ் வந்து இணையும் பின் விளிம்பின் மேல் புடைத்து நிற்பது வார்ப்பு எண். அது அச்சிலேயே இருந்து இரும்போடு சேர்ந்து வந்தது. முன்புறம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சிறு மேடையில் குழிந்து காணப்பட வேண்டியது முத்திரை எண். அது எஞ்சின் பூட்டி முடித்த பிறகு அடித்தது. வார்ப்பு எண் எந்த அச்சில் ஊற்றினார்கள் என்பதையும், முத்திரை எண் அந்தப் பிளாக்கை எந்த எஞ்சினாக முடித்தார்கள் என்பதையும் சொல்கின்றன. உங்களிடம் முன்னது இருக்கிறது, பின்னது போய்விட்டது.

3970010 என்பது மிகப் புகழ்பெற்ற எண். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து "350" என்று முடிவு கட்டிவிட முடியாது. 302, 327, 350 ஆகிய மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 4.00 அங்குலம், வேறுபடுவது கிராங்க் ஷாஃப்ட் தரும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) மட்டுமே: முறையே 3.00, 3.25, 3.48 அங்குலம். 1969ஆம் ஆண்டில் இதே வார்ப்பிலிருந்து மூன்றுமே பிறந்திருக்கின்றன. இங்கேதான் மறுபக்கத்தில் நீங்கள் படித்த தேதிக் குறி உதவுகிறது. எழுத்து மாதம்: ஏ முதல் எல் வரை பன்னிரண்டு மாதங்கள், ஆகவே சி என்றால் மார்ச். 14 தேதி, கடைசி இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். 4 என்பது 1974ஆகவும் இருக்கலாம், 1984ஆகவும் இருக்கலாம். ஆனால் 1984இல் இந்த வார்ப்பு எண் வழக்கில் இல்லை. எனவே 1974 மார்ச் 14 அன்று வார்த்த பிளாக் இது. அந்த ஆண்டில் 302உம் 327உம் உற்பத்தியிலிருந்து நின்று ஐந்தாண்டு ஆகிவிட்டதால், இந்தப் பிளாக் தொழிற்சாலையிலிருந்து 350ஆகத்தான் வெளியே வந்தது. விற்றவர் சொன்னது இதுவரை பொய்க்கவில்லை.

சீல் பொருந்தாததும் இதையே உறுதிசெய்கிறது. இவ்வகை எஞ்சின்களில் 1986 மாதிரி ஆண்டு முதல்தான் முழு வட்டமான ஒற்றைச் சீல் வந்தது. அதற்கு முற்பட்டவற்றில் மேலும் கீழுமாக இரண்டு அரைவட்டங்கள். கடைக்காரர் "350" என்ற சொல்லைக் கேட்டுப் பிற்காலச் சீலைக் கொடுத்திருக்கிறார். இனி எந்த உதிரிபாகம் வாங்கினாலும் "1969 கமாரோ" என்று கேட்காதீர்கள். "1974 செவ்ரோலெட் 350, இரண்டு துண்டுப் பின் சீல்" என்று கேளுங்கள். சீலை மாற்றுவதற்கு முன் மேலே இன்டேக் மேனிஃபோல்டின் பின்விளிம்பும் வால்வ் கவரும் காய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அங்கிருந்து வழியும் ஆயில் பிளாக்கின் முதுகு வழியே இறங்கி, பின் சீல் கசிவது போலவே தோற்றமளிக்கும்.

முன்மேடை வழுவழுப்பாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் லேத்துப் பட்டறைதான். எஞ்சினைப் புதுப்பிக்கும்போது பிளாக்கின் மேல்தளத்தை மட்டம்பிடிக்கச் சீவினால், அதே தளத்தில் உள்ள இந்த மேடையும் சேர்ந்து சீவப்படும், எழுத்து மறைந்துபோகும். இதில் களவு இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு செய்தியைச் சொல்கிறது: இந்த எஞ்சின் ஒருமுறையேனும் முழுவதும் பிரிக்கப்பட்டது, சிலிண்டர்களைப் பெரிதாக்கியிருக்கலாம், கிராங்க் ஷாஃப்டையே மாற்றியிருக்கலாம். ஆகவே "350ஆகப் பிறந்தது" என்று உறுதியாகச் சொல்லலாம். "இன்றும் 350" என்று சொல்ல உள்ளே பார்க்க வேண்டும். சீல் மாற்ற ஆயில் பானைக் கழற்றத்தான் போகிறீர்கள். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். கிராங்க் ஷாஃப்டின் மீதுள்ள வார்ப்பு எண்ணைப் படியுங்கள். 442 அல்லது 1182 என்று முடிந்தால் அது 350க்கு உரிய 3.48 அங்குல ஷாஃப்ட். அப்போதே நடு மூன்று முதன்மைத் தாங்கிகளின் மூடிகளைப் பிடித்திருப்பவை இரண்டு போல்ட்டா நான்கு போல்ட்டா என்றும் எண்ணிவிடுங்கள். 010 என்று முடியும் பிளாக் என்றாலே நான்கு போல்ட் என்று சொல்லி விலை ஏற்றுவது வழக்கம். இரண்டு வகையும் அந்த எண்ணில் உண்டு, ஆயில் பானைக் கழற்றாமல் வெளியிலிருந்து எவராலும் சொல்ல முடியாது.

ஆரஞ்சு வண்ணத்தையும் குரோமியத்தையும் சான்றாகக் கொள்ள வேண்டாம். காற்று வடிகட்டியின் மேல் ஒட்டியிருக்கும் குதிரைத்திறன் வில்லையும் அப்படியே. கடையில் வாங்கி எவரும் ஒட்டலாம். சிலிண்டர் ஹெட்டுகளும் எஞ்சினை அடையாளம் காட்டா. ஹெட்டின் முனையில் ஒட்டகத் திமில் போல் இரட்டைப் புடைப்பு இருந்தால் பெரிய பெயர் சொல்வார்கள், ஆனால் அந்த ஹெட்டை எந்த ஸ்மால் பிளாக்கின் மீதும் பூட்டலாம். இருந்தாலும் ஹெட்டின் எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். எரியறையின் கொள்ளளவு அதில்தான் தெரியும், அதைப் பொறுத்தே அழுத்த விகிதமும் நீங்கள் போட வேண்டிய பெட்ரோலின் தரமும் அமையும்.

ஏமாந்தீர்களா என்ற கேள்விக்கு என் பதில்: அசல் எஞ்சின் என்று சொல்லி விற்கவில்லை, மாற்றியது என்று சொல்லியே விற்றிருக்கிறார். அந்த விலையைக் கொடுத்திருந்தால் வருந்த ஒன்றுமில்லை. எனக்கு உண்மையில் கவலையளிப்பது வேறு. ஆறு சிலிண்டருக்காகப் பிறந்த வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கும், பின்புறம் ஒற்றைப் பட்டை வில்லும், சிறிய ரேடியேட்டரும் தந்திருப்பார்கள். எஞ்சினை மாற்றியவர் இவற்றையும் மாற்றினாரா? முன் சக்கரங்களைக் கழற்றி டிஸ்க் பிரேக் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லையென்றால், ஆயில் கசிவுக்கும் முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். வேகம் எடுக்கும் எஞ்சினை நிறுத்த முடியாத பிரேக்கோடு நெடுஞ்சாலைக்குப் போகக்கூடாது.

கேள்வி: டெக்சாஸில் 1969 ஸீ/28 கமாரோ என்று சொல்லி ஒரு வண்டியை விற்கிறார்கள். முன்மேடையில் "டி இஸட்" என்ற எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. நம்பலாமா?
— ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: அந்த இரண்டு எழுத்துகள் அவ்வாண்டு ஸீ/28இன் 302 எஞ்சினுக்கு உரியவை என்பது சரி. ஐந்து லிட்டருக்கு உட்பட்ட எஞ்சின்களே ஓடிய டிரான்ஸ்-ஆம் பந்தயத்துக்காகப் பிறந்த எஞ்சின் அது. 1969இல் 20,302 வண்டிகளே இவ்வகையில் விற்றன. அதனால்தான் சாதாரணப் பிளாக் ஒன்றின் மேடையைச் சீவி, அந்த எழுத்துகளைப் புதிதாக அடித்து விற்பதும் நடக்கிறது. எழுத்தை மட்டும் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிட வேண்டாம்.

மேடையைக் கெரசின் தோய்த்த துணியால் மென்மையாகத் துடையுங்கள். மணல்தாளோ கம்பிப் பிரஷோ அதன்மேல் படவே கூடாது. பிறகு டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். தொழிற்சாலையில் சீவிய தளத்தில் எஞ்சினின் நீளவாட்டில் மெல்லிய இணைகோடுகள் ஓடும். பட்டறையில் பிறகு சீவியதில் அவை மறைந்து வளைகோடுகளோ வெறும் பளபளப்போ தெரியும். அந்தக் கோடுகள் இல்லாத மேடையில் கூர்மையான எழுத்துகள் மட்டும் இருந்தால் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து நாட்களை வரிசைப்படுத்துங்கள். பிளாக்கை வார்த்த தேதி முதலில் வரவேண்டும். மேடையில் தொழிற்சாலை எழுத்தை அடுத்து வரும் நான்கு இலக்கங்கள் எஞ்சினைப் பூட்டிய மாதமும் நாளும், அது இரண்டாவதாக வரவேண்டும். தொழிற்சாலை எழுத்து வி என்றால் மிச்சிகனின் ஃபிளின்ட், டி என்றால் நியூயார்க் மாநிலத்தின் டொனவாண்டா. இன்ஜின் அறையின் பின்சுவரில் ஆணியடித்த தகட்டில் வண்டியைக் கட்டிய மாதமும் வாரமும் இருக்கும். 04பி என்றால் ஏப்ரல் இரண்டாம் வாரம். அது மூன்றாவதாக வரவேண்டும். இவற்றுக்கிடையே சில வாரங்கள் இடைவெளி இயல்பு. வண்டி கட்டிய பிறகு வார்த்த பிளாக் அந்த வண்டியின் அசல் பிளாக்காக இருக்கவே முடியாது.

கடைசியாக, வண்டி எண்ணின் சுருக்கம் பிளாக்கிலும் அடிக்கப்பட்டிருக்க வேண்டும்: செவ்ரோலெட்டுக்கு 1, ஆண்டுக்கு 9, நார்வுட் தொழிற்சாலை என்றால் என், லாஸ் ஏஞ்சலஸ் என்றால் எல், பின்பு ஆறு இலக்கத் தொடர் எண். சில வண்டிகளில் அது முன்மேடையில் இருக்கும், சிலவற்றில் ஆயில் ஃபில்டருக்கு அருகே ஒளிந்திருக்கும். இரண்டு இடத்தையும் பார்த்து, முன்கண்ணாடிக்குக் கீழே தெரியும் வண்டி எண்ணோடு ஒப்பிடுங்கள். நார்வுட்டில் 1968 டிசம்பருக்குப் பிறகு கட்டிய வண்டியானால் பின்சுவரில் உள்ள அந்தத் தகட்டில் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 என்ற குறி இருந்தால்தான் ஸீ/28. புதிதாக வாங்கியவருக்கு அன்று கொடுத்த சிறு உலோக உத்தரவாத அட்டை கிடைக்குமா என்றும் கேளுங்கள். எஞ்சின் குறி அதிலும் புடைத்து நிற்கும். இத்தனையும் ஒன்றோடொன்று பொருந்தினால் மட்டுமே ஸீ/28 விலையைப் பேசுங்கள்.

மேடையில் "சி இ" என்ற எழுத்துகளைக் கண்டால் மட்டும் திகைக்க வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் பழுதான எஞ்சினுக்குப் பதிலாக நிறுவனமே கொடுத்த மாற்றுப் பிளாக் அது. அடுத்துள்ள இலக்கம் ஆண்டு. அசல் அல்ல, ஆனால் நேர்மையான வரலாறு.

கேள்வி: என் 1970 செவ்ரோலெட் நோவாவில் உள்ள பிளாக்கில் 14093638 என்று இருக்கிறது. வால்வ் கவரின் போல்ட்டுகள் விளிம்பில் இல்லாமல் நடுவில் இருக்கின்றன. கியர்பாக்ஸை மாற்றப் பழைய ஃபிளைவீல் ஒன்று வாங்கினேன். போல்ட் துளைகள் பொருந்தவில்லை.
— ஒரு வாசகி, கலிஃபோர்னியா

பதில்: உங்கள் எஞ்சினில் மர்மம் எதுவும் இல்லை. 14093638 என்பது 1987 முதல் 1995 வரை வந்த 350; நடுவில் போல்ட் உள்ள வால்வ் கவரும் 1987இல் தொடங்கியதே. டிப்ஸ்டிக்கையும் பாருங்கள்: 1979 வரை ஓட்டுநர் பக்கம் இருந்தது, 1980இல் பயணி பக்கம் மாறியது.

உங்கள் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்டின் பின் விளிம்பு புதிய ஒற்றைச் சீலுக்காக மாற்றியமைக்கப்பட்டது. அதனால் போல்ட் வட்டம் 3.58 அங்குலத்திலிருந்து 3.00 அங்குலமாகச் சுருங்கியது. துளைகள் பொருந்தாமல் போனது உங்கள் நற்பேறு என்றே சொல்வேன். ஏனென்றால் துளையை விடவும் முக்கியமான ஒரு வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது: பழைய ஷாஃப்டின் பின் விளிம்பில் இருந்த எதிர்எடை புதியதில் இல்லை, அந்த எடையை ஃபிளைவீலில் வைத்திருக்கிறார்கள். துளையை எவரேனும் பெரிதாக்கிப் பழைய ஃபிளைவீலைப் பூட்டியிருந்தால் எஞ்சின் நடுங்கி, தாங்கிகள் தேய்ந்துபோயிருக்கும். 1986 முதல் வந்த ஒற்றைச் சீல் 350க்கு உரிய ஃபிளைவீலையே வாங்குங்கள்.

இன்னொன்று: இவ்வகைப் பிளாக்குகள் சிலவற்றில் பழைய பாணி இயந்திர பெட்ரோல் பம்பைப் பூட்டும் இடம் குடையப்படாமல் விடப்பட்டிருக்கும். கார்புரேட்டர் போட்டிருக்கிறீர்கள் என்றால் பம்ப் எங்கே இருக்கிறது, மின்பம்ப் என்றால் எஞ்சின் நின்றவுடன் அது தானாக நிற்கிறதா என்று ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். விபத்தில் பெட்ரோல் தொடர்ந்து பீய்ச்சினால் தீப்பிடிக்கும்.

கேள்வி: எஞ்சினைப் பிரிக்காமலே கொள்ளளவைக் கண்டுபிடிக்க வழி உண்டா? என்னுடையது 350 என்கிறார்கள், 305 என்கிறார்கள், 400 என்றும் ஒருவர் சொல்லிவிட்டார்.
— ஒரு வாசகர், மிச்சிகன்

பதில்: 400ஐ முதலில் விலக்கிவிடலாம். பிளாக்கின் பக்கவாட்டில், எக்ஸாஸ்டுக்குக் கீழே, நீரறையை மூடும் வட்டத் தகடுகளை எண்ணுங்கள். மற்ற ஸ்மால் பிளாக்குகளில் பக்கத்துக்கு இரண்டு, 400இல் மூன்றாவதற்கான இடமும் இருக்கும். முன்புறம் கிராங்க் ஷாஃப்ட் நுனியில் உள்ள அதிர்வுத் தணிப்பியையும் பாருங்கள்: 400இல் அதன் பின்புறம் ஒரு பகுதி வெட்டி எடுத்தது போல் சமனற்று இருக்கும். பக்கத் தகடு இரண்டு, ஆனால் தணிப்பி மட்டும் 400இன் வகை என்றால் கவனமாக இருங்கள். 350 பிளாக்கை 4.030 அங்குலமாகப் பெரிதாக்கி, 400இன் 3.75 அங்குல ஷாஃப்டை உள்ளே வைத்து 383 ஆக்கியிருக்கலாம். இது பட்டறைகளில் மிகவும் விரும்பிச் செய்யும் மாற்றம்.

305ஐயும் 350ஐயும் வெளித்தோற்றத்தில் பிரிக்க முடியாது. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 3.48 அங்குலமே, விட்டம் மட்டும் 305இல் 3.736 அங்குலம். 1976 மாதிரி ஆண்டுக்கு முன் 305 கிடையாது என்பதால் வார்ப்புத் தேதி அதற்கு முந்தியதாக இருந்தால் கேள்வியே எழாது. பிற்காலப் பிளாக்குகள் பலவற்றில் பக்கவாட்டில் 5.0 அல்லது 5.7 என்று லிட்டர் கணக்கிலேயே வார்த்திருப்பார்கள். அழுக்கைச் சுரண்டிவிட்டு, சாக்பீஸைப் புடைப்பின்மேல் தேய்த்தால் எழுத்து எழுந்து வரும்.

ஸ்பார்க் பிளக் துளையில் குச்சியை விட்டுப் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை அளக்கச் சொல்வார்கள். இவ்வகை ஹெட்டில் துளை சாய்வாக இருப்பதால் குச்சி சறுக்கும், அளவு தவறும். 327ஐயும் 350ஐயும் பிரிக்கும் வேறுபாடு கால் அங்குலத்துக்கும் குறைவு. குச்சி உள்ளே முறிந்தால் வேலை இரட்டிப்பாகும். அதைவிட, ஒரு சிறு குழாய்க் கேமராவைத் துளை வழியே செலுத்திப் பிஸ்டனின் தலையைப் பாருங்கள். எஞ்சினைப் புதுப்பித்திருந்தால் 030, 040 போன்ற எண் அதில் பொறித்திருப்பது வழக்கம். விட்டத்தை எத்தனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் பெரிதாக்கினார்கள் என்பதே அது. கரி படிந்திருந்தால் தெரியாது.

இதற்கும் மேல் ஐயமிருந்தால் ஒரு ஹெட்டைக் கழற்றி நேராக அளப்பதே வழி. விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 0.7854ஆல் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, எட்டால் பெருக்குங்கள்: 4.00 அங்குல விட்டமும் 3.48 அங்குல ஸ்ட்ரோக்கும் 349.8 தரும். ஹெட்டைத் திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட் போட்டு, போல்ட்டுகளை வரிசைப்படி, டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். எண்கள், தேதிகள், அளவுகள் ஆகியவற்றைப் புகைப்படத்துடன் ஒரு தாளில் எழுதி வண்டியின் உரிமப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். அடுத்து வாங்குபவர் இதே கேள்வியை எழுத வேண்டியிராது.